வாகைநேரியில் மதியம் வராத நாள்

"சங்கு ஊதினால்தான் வாகைநேரிக்கு..." என்று ஆலைச் சங்கின் திறப்பு விழாவில் பழைய தலைவர் பேச ஆரம்பித்தார். அதற்கு மேல் என்ன சொன்னார் என்பது யாருக்கும் நினைவில்லை. சரியாக அந்த இடத்தில் மைக் போய்விட்டது. அவர் வாய் அசைந்தது, கை ஆடியது, கடைசியில் கும்பிட்டார், ஊர் கைதட்டியது. 'பெருமை' என்று முடித்ததாகச் சிலர் சொன்னார்கள், 'செலவு' என்று முடித்ததாகச் சிலர். சண்டை முற்றவே பேரூராட்சி மன்றம் கூடி, அவர் 'மதியம் வரும்' என்றுதான் சொன்னார் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. மறுத்துப் பேச அப்போது அவர் உயிரோடு இல்லை.

அன்று முதல் வாகைநேரியில் சங்கு ஊதினால்தான் மதியம்.

ஆலையை மூடி, ஆலைச் சங்கும் துருப்பிடித்து விழுந்த பிறகு, தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டி, கீழே ஓர் அறையில் கம்ப்யூட்டரை வைத்தார்கள். எட்டு மணிக்கு வேலை தொடங்க, பன்னிரண்டுக்குச் சாப்பிட எழுந்திருக்க, ஒன்றுக்குத் திரும்பி வர, ஐந்துக்கு வீடு போக என்று நாலு வேளையும் அது பழைய ஆலைச் சங்கின் சத்தத்தைத் தானாகவே எழுப்பும். அதில் போட்டிருந்த மென்பொருள் லினக்ஸ். "இதுக்குத் துட்டு கெடையாது, முதலாளின்னு தனியா ஒருத்தரும் கெடையாது" என்று அதை அமைத்துக் கொடுத்த பிராங்ளின் விளக்கினான். "முதலாளியும் இல்ல, துட்டும் இல்லன்னா அது நம்ம பேரூராட்சிதானவே!" என்று தலைவர் வெயிலுமுத்து மனம் உருகிக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குக் காவல் பூவலிங்கம். கம்ப்யூட்டர் தானாக ஊதுவதால், அது ஊதும்போது பக்கத்தில் நிற்பதுதான் அவர் வேலை. நிற்க அவர் ஒருநாளும் தவறியதில்லை.

கதை நடந்த அன்று பூவலிங்கம் தரையில் கால் பாவாமல் திரிந்தார். சென்னையில் இருக்கும் மகளுக்குப் பிரசவ நேரம். அவரும் மனைவி செல்லக்கனியும் அன்றைக்குச் சாயங்காலம் ஏழு மணி ரயிலில் கிளம்புவதாக ஏற்பாடு. ஆனால் பேரன் தாத்தாவுக்காகக் காத்திருக்கவில்லை, காலை ஒன்பது மணிக்கே பிறந்துவிட்டான். பத்து மணிக்குத் தலைவர் கூட்டம் போட்டு, அன்று ஐந்து மணிச் சங்கு ஊதிய நிமிஷத்திலிருந்து பூவலிங்கத்துக்கு லீவு என்று தீர்மானித்தார். ஒரு மாலையும் வாங்கி வைத்தார்கள்.

இதற்கெல்லாம் முன்னால், எட்டு மணிச் சங்கு ஊதி முடித்த கையோடு, கம்ப்யூட்டர் ஒன்று கேட்டிருந்தது. 'அப்டேட் வந்திருக்கிறது. இப்போதே போடலாமா?' இவ்வளவு மரியாதையாகப் பூவலிங்கத்திடம் இதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. 'போடலாம்' என்று அழுத்தினார். அது கொஞ்ச நேரம் கறுத்துக் கிடந்து, பிறகு பழையபடி விழித்துக்கொண்டது.

பன்னிரண்டு மணிக்குத் திரையில் சங்கு ஊதியது. பச்சைக் கோடு மேலும் கீழும் குதித்தது. தொட்டி உச்சியிலிருந்து மட்டும் ஒரு சத்தமும் வரவில்லை. பூவலிங்கம் வழக்கம்போல் பக்கத்தில் நின்றார்.

ஊரில் இலை போட்டவர்கள் இலைமுன் உட்கார்ந்திருந்தார்கள். சோறு ஆறியது. அரை மணி கழிந்தது. தலைவர் வெயிலுமுத்து வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். பின்னாலேயே துணைத் தலைவர் ஞானதிரவியமும் எழுத்தர் இசக்கியப்பனும்.

"ஏ பூவலிங்கம், மதியத்த எங்கவே?"

"ஊதிட்டுது தலைவரே. சத்தம்தான் இல்ல."

"கடியாரம் பன்னிரண்டரை காட்டுதே!"

"அது அவசரப்படுது" என்றார் ஞானதிரவியம். "சத்தம் காலைல இருந்துச்சா?"

"எட்டு மணிக்கு ஜோரா இருந்துச்சு."

"அப்ப கதவு?"

"தொறந்துதான் கெடந்துச்சு."

ஞானதிரவியம் தலைவரைப் பார்த்தார். தலைவர் இசக்கியப்பனைப் பார்த்தார். இசக்கியப்பன் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார், ஜன்னலையும் சாத்தினார். மிச்சம் மீதி இருக்கும் சத்தமாவது தங்கட்டும் என்றார்கள். தகரக் கூரைக்குக் கீழே நாலு பேரும் வெந்தார்கள்.

பூவலிங்கம்தான் பிராங்ளினுக்குப் போன் போட்டார். அவன் எங்கோ பைக்கில் போய்க்கொண்டிருந்தான். "அப்டேட் போட்டியளா? சரி, அண்ணாச்சி, நான் வார வரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

பூவலிங்கம் போனை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். நாலு பேரும் கைகளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு அறை நடுவில் நின்றார்கள்.

"தரையத் தொட்டுக்கிட்டு நிக்கோமே?" என்றார் இசக்கியப்பன்.

தலைவர் யோசித்தார். "தரை நம்மளத் தொடுது. நாம தொடல."

"மூக்குல ஈ உக்காந்திருக்கு தலைவரே."

"அதுவும் அப்படித்தான்வே."

போன் அடித்தது. பிராங்ளின் பேர் பளிச்சென்று தெரிந்தது. நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள். அது அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"எடுக்கட்டுமா?" என்றார் பூவலிங்கம். ஏழு மணி ரயில் அவர் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"உமக்குக் கிறுக்கா? தொடாதீங்கன்னு சொன்னவனே அவன்தான். சொன்ன பேச்சு கேக்கோமான்னு சோதிச்சுப் பாக்கான்" என்றார் தலைவர்.

போன் அன்று மதியம் முழுக்க, அதாவது மதியம் வராத அந்த நேரம் முழுக்க, விட்டு விட்டு அடித்தது. தூக்கிய கைகள் மரத்துப்போயின. மூன்று மணி வாக்கில் செல்லக்கனி, மகளுக்குச் சுட்ட முறுக்கு டின்னும் கையுமாக, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"என்னங்க இது, போலீஸ் புடிச்ச மாதிரி? அங்க சோறு கல்லாப் போச்சு, இலையில கைய வைக்க முடியாம ஊரே காத்துக் கெடக்கு."

தொடக் கூடாது என்று பிராங்ளின் சொன்னபோது அவள் அங்கே இல்லை. ஆகவே அவளுக்குத் தடையில்லை என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். அவள் போனை எடுத்தாள். எதிர்முனையில் பிராங்ளின் கத்தினான். "எத்தன தடவ அடிக்கது! பைக் பஞ்சர். வர நேரமாவும். அவசரம்னா ஒண்ணு செய்ங்க. காலைல அப்டேட் போடுததுக்கு முந்தி எல்லாம் எப்படி இருந்துச்சோ அப்படியே பழையபடி கொண்டு வந்துருங்க. சத்தம் தன்னால வந்துரும்."

"எல்லாம்னா எல்லாமா?" என்று தலைவர் தூரத்திலிருந்தே கேட்டார்.

"எல்லாந்தான்!" என்றான் அவன், கம்ப்யூட்டரை நினைத்துக்கொண்டு.

இது நியாயமாகப் பட்டது. தீர்மானம் நிறைவேறியது. வேலையும் தொடங்கியது.

எட்டரைக்குக் கிழித்த காலண்டர் தாளைக் குப்பையிலிருந்து எடுத்து ஒட்டினார்கள். தலைவர் எட்டு மணிக்குக் குளித்திருக்கவில்லை. ஆகவே வெளியே போய்ப் புழுதியில் புரண்டுவிட்டு வந்தார். ஞானதிரவியம் ஒன்பதரைக்கு முடி வெட்டியிருந்தார். இசக்கியப்பன் கடைக்கு ஓடி ஒரு சாக்கோடு திரும்பினார்.

"இதுல எது என் முடி?"

"தெரியல அண்ணாச்சி, மொத்தத்தையும் அள்ளிட்டு வந்துட்டேன்."

ஞானதிரவியம் தலையில் கொட்டித் துண்டால் கட்டினார்கள். எட்டு மணிக்கு இருந்ததைவிட அதிகமாகவே இருந்தது.

"நான் எட்டே காலுக்கு ஆறு இட்லி தின்னேன் தலைவரே" என்றார் இசக்கியப்பன் கலங்கிய குரலில்.

தலைவர் அவர் வயிற்றை உற்றுப் பார்த்தார்.

"வெளியில தெரியுதாவே?"

"தெரியல."

"அப்ப விடும்."

மாலையைப் பூக்கடைக்கே திருப்பி அனுப்பினார்கள். பிறகு தலைவர் மெதுவாகப் பூவலிங்கத்தின் பக்கம் திரும்பினார்.

"உமக்கு லீவு போட்டது பத்து மணிக்கு."

"ஆமா தலைவரே."

"எட்டு மணிக்கு லீவு இல்ல."

"இல்ல."

"அதோட இன்னொண்ணும் இருக்கு" என்றார் ஞானதிரவியம், துண்டைப் பிடித்துக்கொண்டு. "ஓம் பேரன் பொறந்தது ஒன்பது மணிக்கு."

"அதுக்கு என்ன செய்யச் சொல்லுதிய?" என்று செல்லக்கனி சீறினாள். "மறுபடி உள்ள வைக்கச் சொல்லுதியளா?"

"அப்படிச் சொல்லலம்மா. ஊர் பட்டினி கெடக்கு. சத்தம் வார வரைக்கும் புள்ள பொறக்கலன்னு ரெண்டு பேரும் இருந்துக்கிடணும். சிரிக்கக் கூடாது."

பூவலிங்கம் சிரிக்காமல் இருந்தார். அது அவருக்குச் சிரமமாக இல்லை.

எல்லாம் எட்டு மணிக்கு இருந்தபடி ஆயிற்று. சத்தம் வரவில்லை.

நாலே காலுக்குப் பிராங்ளின் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான். புழுதித் தலைவரையும், துண்டுக்குள்ளிருந்து முடி உதிரும் துணைத் தலைவரையும் பார்த்தான். கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்தான்.

"அப்டேட் போட்டதுல ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய சத்தம் திரைப் பக்கமா திரும்பிட்டு. இந்தத் திரையில ஸ்பீக்கரே கெடையாது. அவ்வளவுதான்." இரண்டு இடத்தில் அழுத்தினான். "சோதிச்சுப் பாக்கட்டுமா?"

பதில் வருமுன் அவன் அழுத்த, நாலரை மணிக்குத் தொட்டி உச்சியிலிருந்து சங்கு ஊதியது. காக்கைகள் பறந்தன. ஊர் முழுக்க ஒரே குரலில் "மதியம் வந்துட்டு!" என்று கூவிச் சோற்றில் கை வைத்தது.

"இன்னொரு அப்டேட் நிக்கிது" என்றான் பிராங்ளின் கிளம்பும்போது. "நான் சொல்லுத வரைக்கும் போட்டுராதீங்க. போட்டா மறுபடி சத்தம் போயிரும்." யாரும் எதையும் கேட்பதற்குள் பைக்கைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

பூவலிங்கம் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "தலைவரே, இப்ப என் பேரன் பொறந்துட்டான்லா?"

"பொறந்துட்டான். வாழ்த்துகள்!"

"லீவு?"

"அதுவும் வந்துட்டு. அஞ்சு மணிச் சங்குலேருந்து."

பூவலிங்கம் கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப இன்னும் அரை மணி நேரம்."

தலைவர் பரிதாபமாகச் சிரித்தார். "என்ன கணக்குவே இது? இப்பத்தான மதியம் வந்திருக்கு. ஒரு மணிச் சங்குக்கே ஒரு மணி நேரம் கெடக்கு. மதியத்துலேருந்து அஞ்சு மணி நேரம் கழிச்சுத்தான் அஞ்சு. கம்ப்யூட்டர்ல மாத்தி வையும்."

"அப்படின்னா கடியாரத்துல ஒன்பதரை ஆயிரும். ரயில் ஏழுக்கு."

"ஏழுன்னா நம்ம ஊருக்கு ரெண்டரை. ரெண்டரைக்கு வேலை நேரத்துல ஒரு மனுசன் எப்படிவே ரயிலேற முடியும்?"

"மதியச் சாப்பாட்டு நேரத்துல போலாம்லா?" என்று செல்லக்கனி கேட்டாள்.

"சாப்பாட்டு நேரத்துல எங்க வேணும்னாலும் போங்க தாயி. அத யாரு கேக்கா? ஒரு மணிச் சங்கு ஊதுமுன்ன வந்து நின்னா சரி." சொல்லிவிட்டுத் தலைவர் குளிக்கவும் சாப்பிடவும் போனார்.

அறையில் பூவலிங்கமும் செல்லக்கனியும் முறுக்கு டின்னும் மட்டும் இருந்தார்கள். திரை விழித்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டது. 'அப்டேட் வந்திருக்கிறது. இப்போதே போடலாமா?'

பூவலிங்கம் 'போடலாம்' என்று அழுத்தினார். திரை கறுத்து விழிக்கும்வரை பக்கத்தில் நின்றார். பிறகு அறையைப் பூட்டி, வழியில் தலைவர் வீட்டு வாசலில் நின்று, சாப்பிட்டுவிட்டு ஒரு மணிச் சங்குக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு, மனைவியோடு சென்னை ரயிலேறினார்.