எட்டுக் கொத்துக் குறி

பூவரசங்காட்டில் சேதி கொண்டுபோவது கிளிகளின் வேலை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மரங்கொத்தி நாலு கொத்துக் கொத்தி ஒரு குறி வைத்திருந்தது. அதைப் பார்த்துத்தான் கிளி வீட்டைக் கண்டுபிடிக்கும்.

காடு பெருத்தது. குட்டிகள் பெருகின. நாலு கொத்தில் போடக்கூடிய குறியெல்லாம் ஒருநாள் தீர்ந்தே போயிற்று!

ஆற்றங்கரைப் புளியமரத்தடியில் இருபது வளைகள். அத்தனைக்கும் சேர்த்து ஒரே குறி! வருகிற சேதியை அணில் வாங்கிப் பிரித்துக் கொடுக்கும். பெருமையில் அதற்குத் தலைகால் புரியவில்லை. "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு ஏது சேதி?" என்று வாலை ஆட்டும்.

மரங்கொத்தி மண்டையை உடைத்துக்கொண்டு எட்டுக் கொத்துக் குறியைக் கண்டுபிடித்தது. "இனி காட்டிலுள்ள இலைக்கெல்லாம்கூடத் தனிக் குறி தரலாம்!" என்று கூவியது.

"வீடுகள் முதலில் புதுக் குறி வைக்கட்டும், அப்புறம் படிக்கிறோம்!" என்றது கிளித் தலைவன்.

"கிளிகள் முதலில் படிக்கட்டும், அப்புறம் வைக்கிறோம்!" என்றார்கள் வீட்டுக்காரர்கள்.

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்!

மரங்கொத்திக்கு ரோஷம் வந்தது. தன் பொந்தில் பழைய குறியைச் சுரண்டிவிட்டுப் புதுக் குறி வைத்தது. விளைவு? மைத்துனன் வீட்டு விருந்துச் சேதி வந்து சேரவே இல்லை! நாக்கைக் கடித்துக்கொண்டு, புதுக் குறிக்குப் பக்கத்திலேயே பழையதையும் மறுபடி கொத்தியது.

அதைப் பார்த்து முயல் வந்தது. "அண்ணே, எனக்கும் ஒன்று கொத்துங்கள். புளியமரத்தடியில் கரையோரம் குடியிருக்கிறேன். வெள்ளச் சேதி பிந்தினால் என் மூன்று குட்டிகளும் போச்சு!"

வளை வாசல் வேரில் மரங்கொத்தி எட்டுக் கொத்துக் கொத்தியது. அதைப் படிக்க ஆள்? பவளி என்ற நொண்டிக் கிளி முன்வந்தது. நாலே நாளில் கற்றுக்கொண்டது.

மழைக்காலம் வந்தது. ஒரு காலை மேலாற்றில் நீர்நாய் அலறியது. "அணை உடைகிறது! முயலுக்குச் சொல்லுங்கள்!"

கிளித் தலைவன் புளியமரத்துக்குப் பறந்தது. "அணிலே! அணிலே!" அணில் எங்கே? கொய்யாப்பழம் தின்னப் போயிருந்தது. இருபது வளையில் முயல் வளை எது? தலைவன் சுற்றிச் சுற்றித் தவித்தது.

பின்னாலேயே வந்த பவளி வேரைப் பார்த்தது. எட்டுக் கொத்து! நேரே வாசலில் இறங்கியது. "அக்கா, வெள்ளம்! ஓடு!"

முயல் காலால் தரையை ஓங்கி ஓங்கித் தட்டி அக்கம்பக்கத்தையெல்லாம் கிளப்பியது. ஒவ்வொரு குட்டியாகக் கவ்வி மேட்டில் சேர்த்தது. மூன்றாவது குட்டியோடு ஏறியபோது வளைக்குள் தண்ணீர் புகுந்தது.

மறுநாள் மரங்கொத்தி வீட்டு வாசலில் பெரிய வரிசை. முதல் ஆள் அணில்! "எனக்கும் ஒரு எட்டு!" என்று கெஞ்சியது.

"பழைய குறியை இன்றே அழித்துவிடு!" என்று கத்தியது கிளித் தலைவன்.

"விருந்தை விட்ட வயிற்றெரிச்சல் எனக்குத்தான் தெரியும்!" என்று சிரித்தது மரங்கொத்தி. "கடைசிக் கிளி படிக்கும்வரை இரண்டும் இருக்கட்டும்."

ஊர் மாறட்டும் என்று காத்திருப்பவன் ஒருநாளும் மாறமாட்டான். பழையதைக் கைவிடாமல் புதியதில் முதல் அடி வைப்பவனே பிழைப்பான்.