இல்லை என்றவள் கண்ட ஏழு வாத்துகள்

மழை கஞ்சத்தனமாய்ப் பெய்யும் பொத்தைநாட்டை முன்னாளில் மருதங்கோன் என்ற அரசன் ஆண்டுவந்தான். கடல் அங்கிருந்து பத்து நாள் நடை. ஆறு கிடையாது. நாட்டின் நடுவே நெட்டேரி என்று ஒரே ஒரு பெரிய ஏரி. கேளுங்கள், இந்தக் கதை அதன் கரையில்தான் நடந்தது.

சிறுவயதில் ஒரு மார்கழி விடியலில் மருதங்கோன் அந்த ஏரியில் மூன்று வாத்துகளைப் பார்த்தான். சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, பின்னந்தலையில் மை தீட்டியதுபோல் இரண்டு கறுப்பு வரிகள். பனிமலைகளைத் தாண்டி வடக்கிலிருந்து வரும் வரித்தலை வாத்து அது என்று சொன்னார்கள். அதன்பின் அது அவன் கண்ணில் படவே இல்லை.

முடி சூடிய பிறகும் அந்த ஆசை விடவில்லை. ஏரியின் மூன்று கரைகளுக்கும் மூன்று பேரைக் காவல் வைத்தான். கிழக்குக் கரைக்கு விற்படையிலிருந்து ஓய்வுபெற்ற தடியன் என்பவன். தெற்குக் கரைக்குப் பூந்தோட்டக்காரன் பூவணன். மேற்குக் கரையில் கோரை மண்டிக் கிடந்தது. தினமும் விடியுமுன் அதில் இறங்கிக் கோரை அறுத்துப் பாய் முடைபவர்களுக்குக் கொடுத்துவந்தவள் சடைச்சி. அந்தக் கரை அவளுக்கு.

"மார்கழி முழுதும் பாருங்கள். தை முதல்நாள் வந்து சொல்லுங்கள். வந்ததென்று சொல்பவருக்குப் பட்டும் கறவை மாடும் உண்டு" என்றான் அரசன்.

முதல் ஆண்டு தடியன் இரண்டு பார்த்தேன் என்றான். பூவணன் ஐந்து பார்த்தேன் என்றான்.

சடைச்சி, "புள்ளிமூக்கு வாத்து நாற்பது இருந்தது, ராசா. நீர்க்காகம் இருந்தது. வரித்தலை வாத்து இல்லை" என்றாள்.

அரசன் முகம் சுருங்கியது. மற்ற இருவரும் பட்டும் மாடுமாய் வீடு போனார்கள். சடைச்சி வெறுங்கையோடு போனாள்.

இரண்டாம் ஆண்டு மார்கழிப் பனியில், தூரத்தில் வெள்ளைத் தலை ஒன்று அவளுக்குத் தெரிந்தது. மூன்று விடியல் இடுப்பளவு நீரில் குளிரக் குளிர நடந்து கிட்டே போய்ப் பார்த்தாள். எந்த வீட்டிலிருந்தோ தப்பி வந்த வளர்ப்பு வாத்து அது. அவளைக் கண்டதும் தீனிக்காகக் கத்திக்கொண்டு நீந்தி வந்தது.

அவையில் அதையே சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். தடியன் நான்கு பார்த்திருந்தான். பூவணன் ஒன்பது பார்த்திருந்தான். அரசனே ஏரிக்குக் கிளம்பினான். "இப்போதுதான் பறந்துபோயின" என்றார்கள் இருவரும். அரசன் வெறும் நீரைப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

சடைச்சியின் கணவன் மாயழகுக்குத் தாங்கவில்லை. "பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் நாக்கு தேஞ்சா போயிரும்?"

"பார்க்கலையே" என்றாள் அவள்.

மூன்றாம் ஆண்டு மழை பொய்த்தது. நெட்டேரி வற்றி, மேற்கு ஓரத்தில் ஒரு குட்டையாய்ச் சுருங்கிப்போனது. வண்டல் படிந்த ஏரிப்படுகை விரிந்து கிடந்ததைப் பார்த்ததும் தடியனுக்கும் பூவணனுக்கும் வேறு ஆசை வந்தது. "இனி இது ஏரி இல்லை, அரசே. காவல் இருந்த எங்களுக்குப் பங்கிட்டுக் கொடுங்கள், உழுதுகொள்கிறோம்" என்று கேட்டார்கள்.

அரசன் யோசித்தான். "இந்த மார்கழியில் வரித்தலை வாத்து ஒன்று வந்தாலும் அது ஏரிதான். வராவிட்டால் வயல். மூவருக்கும் சமபங்கு" என்றான்.

மாயழகு பிறந்ததிலிருந்து அடுத்தவர் நிலத்தில் உழுதவன். படுகையில் இறங்கி மண்ணைக் கையில் அள்ளிப் பிசைந்து பார்த்தான். "மேற்குப் பங்கு நமக்கு வரும். நெல்லே போடலாம்" என்றான். சடைச்சியும் அந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். சொந்த நிலம் என்ற நினைப்பு அவளுக்கும் இனித்தது.

மார்கழி இருபத்தேழாம் நாள் விடியலில் அவள் கோரைக்குள் இறங்கினாள். குட்டையில் ஏழு பறவைகள் நின்றன. சாம்பல் உடம்பு. வெள்ளைத் தலை. இரண்டு கறுப்பு வரி. ஒன்று நிமிர்ந்து அவளைப் பார்த்தது. பிறகு குனிந்து புல்லை மேய்ந்தது.

கையில் இருந்த அரிவாளை அசைக்காமல் வெயில் ஏறும்வரை அவள் நின்றாள். இப்படியும் ஒரு பறவையா என்று வியந்தாள். இன்றைக்குப் பார்த்து ஏன் வந்தன என்றும் நொந்துகொண்டாள்.

கணவனிடம் சொன்னாள். அவன் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"வேற யாரு பார்த்தா?"

"யாரும் இல்ல."

"அப்போ நீயும் பார்க்கல."

"பார்த்துட்டேனே" என்றாள்.

தை முதல்நாள் அவை கூடியது. தடியன், ஒன்றும் வரவில்லை என்றான். பூவணன், இறகுகூட விழவில்லை என்றான். சடைச்சி முன்னால் வந்து, "ஏழு வந்தது, ராசா. நேற்றுக் காலைவரை இருந்தது" என்றாள்.

அரசன் உடனே குதிரையேறி ஏரிக்குப் போனான். அவை முழுதும் பின்னால் போனது. குட்டையில் நெடுங்கால் உள்ளான் ஒன்று தனியே நடந்துகொண்டிருந்தது. வேறு பறவை எதுவும் இல்லை.

தடியன் சிரித்தான். "எல்லோரும் பார்த்தபோது இவள் பார்க்கவில்லை. யாரும் பார்க்காதபோது இவள் பார்க்கிறாள்."

"சாட்சி உண்டா?" என்று அரசன் கேட்டான்.

"நான் மட்டும்தான், ராசா."

மருதங்கோன் குட்டையின் ஓரம்வரை நடந்துபோனான். பிறகு தடியன், பூவணன் பக்கம் திரும்பினான்.

"இரண்டு ஆண்டும் நான் கேட்க விரும்பியதை நீங்கள் சொன்னீர்கள். இவள் நான் விரும்பாததைச் சொன்னாள். இன்று நீங்கள் உங்களுக்கு வேண்டியதைச் சொல்கிறீர்கள். இவளோ தன் பங்கு நிலம் போகும் என்று தெரிந்தே பேசுகிறாள். இதற்குமேல் நான் பறவையைப் பார்க்க வேண்டியதில்லை. ஏரி ஏரியாகவே இருக்கட்டும்."

தடியனும் பூவணனும் அன்றே காவலை இழந்தார்கள். சடைச்சிக்குப் பட்டும் கறவை மாடும் கிடைத்தன. நிலம் கிடைக்கவில்லை. மாயழகு மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நான்காம் நாள் அவளுடைய அரிவாளைத் தீட்டிக் கொடுத்து, தானும் கோரை அறுக்க வந்தான்.

அடுத்த ஐப்பசியில் மழை பெய்தது. நெட்டேரி நிரம்பி மறுகால் பாய்ந்தது. அதன்பின் ஒவ்வொரு தை முதல்நாளும் அரசன் சடைச்சி ஒருத்தியிடம் மட்டுமே கேட்டான். அவள் இருந்தவரை பத்தொன்பது முறை இல்லை என்றாள், இரண்டு முறை உண்டு என்றாள். அந்த இரண்டு முறையும் அரசன் ஏரிக்குப் போய்ச் சரிபார்க்கவில்லை. அவை எப்படி இருந்தன என்று அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தான்.

இல்லாததை இல்லை என்று சொல்லத் துணிந்த வாய்தான், உள்ளதை உண்டு என்று சொல்லும்போது நம்பப்படும்.