நீல வார்ச் செருப்பு

வழியில் சாப்பிட ஒதுங்கிய வீட்டில், மூன்றாவது கிண்ணத்தையும் கொண்டுவந்து வைத்த கடற்பாசிக்காரியை, ககுசோ கையை நீட்டித் தடுத்தான்.

“நாங்க ரெண்டு பேர்தாம்மா.”

“வாசல்ல மூணு ஜோடி செருப்பு கிடக்கு. தலையை மழிச்சா எண்ணுறது மறந்துடுமா?” என்றபடி அவள் சூப்பை ஊற்றினாள்.

ககுசோ எழுந்து வாசலுக்குப் போனான். நண்பகல்தான். ஆனாலும் கடலிலிருந்து ஏறிவந்த மூடுபனியில், பத்தடிக்கு அப்பால் காயப்போட்ட கடற்பாசிகூடத் தெரியவில்லை.

குருவின் வைக்கோல் செருப்பு. பக்கத்தில் அவனுடையது. கிளம்பும்போது மாட்டிக்கொள்ளச் சுலபமாக, பாசிக்காரி இரண்டையும் வெளிப்பக்கம் திருப்பி வைத்திருந்தாள். மூன்றாவது ஜோடி வீட்டுக்குள் பார்த்தபடி கிடந்தது. நீலத் துணியில் முறுக்கிய வார். அடி தேய்ந்து நார் நாராகப் பிரிந்திருந்தது. அதில் ஈர மணல்.

அவன் தம்பி தொமெஜிக்காக முடைந்த செருப்பு. யார் காலும் படாத புது ஜோடி. இன்று காலையிலும் அதை அவன்தான் மூட்டைக்குள் வைத்துக் கட்டினான்.

உள்ளே வந்து மூட்டையை இழுத்தான். முடிச்சு போட்டபடியே இருந்தது. அவிழ்த்தான். மாற்றுத்துணி மட்டும் இருந்தது.

“குருவே, நீங்க எடுத்து வச்சீங்களா?”

“மூட்டை உங்க தோள்லதானே இருந்தது” என்றார் சாய்ரின். அவனைவிடப் பத்து வயது இளைய துறவி அவர். சூப்பை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன் கணவாய் மீன் பிடிக்கப் போன தொமெஜி திரும்பவில்லை. வட ஜப்பானில் அவர்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போனவன் வந்து சேரட்டும் என்று, அவனுக்காக ஒரு ஜோடி செருப்பை உள்நோக்கி வாசலில் வைப்பார்கள். இனி வரமாட்டான் என்றானபின் வீட்டின் மூத்தவன் அதைக் கடல்பக்கம் திருப்பி வைப்பான். அதற்குப் பிறகே கருமாதி.

ககுசோ திருப்பவில்லை.

“நான் இன்னும் எத்தனை நாள் வாசலையே பார்த்துட்டு இருக்கணும், மாமா?” என்று தம்பி மனைவி கேட்டாள். அன்றே அவன் செருப்பை மூட்டையில் கட்டிக்கொண்டு கிளம்பினான், தம்பியின் உடல் எந்த ஊரில் ஒதுங்கியது என்று தேட. குருவும் கூட வந்தார். இது பதினோராவது நாள்.

“இந்த ஊர்ல ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி யாராவது கரை ஒதுங்கினாங்களாம்மா?”

“இல்லையே.” பாசிக்காரி அடுப்பைக் கிளறினாள். “அந்த மூணாவது ஜோடியை நான் திருப்பலை, கேட்டுக்கங்க. அதை வீட்டு ஆளுங்கதான் தொடணும்.”

ககுசோ கிண்ணங்களைப் பார்த்தான். இரண்டில் ஆவி பறந்தது. மூன்றாவதில் இல்லை.

“வைக்கோல் செருப்பு எத்தனை நாள் தாங்கும்?” என்று குரு கேட்டார்.

“ரெண்டு நாள். மணல்லயே நடந்தா மூணு.”

“நீங்க எத்தனை ஜோடி மாத்தினீங்க?”

“அஞ்சு.”

“உங்க தம்பிக்கு அந்த ஒரு ஜோடிதான்” என்றார் குரு. வாசல் பக்கம் பார்த்தார். அவனும் பார்த்தான். ஈர மணலில் வீடுவரை அவர்கள் வந்த தடம் இருந்தது. குருவின் சிறிய அடிகள் ஒரு வரிசை. அவனுடைய அடிகள் ஒரு வரிசை. அவனுடைய ஒவ்வொரு தடத்துக்குள்ளும் இன்னொரு தடம் பதிந்து, தண்ணீர் தேங்கியிருந்தது.

ககுசோவின் குரல் இறங்கிப்போனது.

“நான்தானே அவனைத் தேடிப் போறேன். அவன் ஏன் என் பின்னாடி வர்றான்?”

“அவர் செருப்பு உங்ககிட்டதானே இருக்கு” என்றார் சாய்ரின்.

கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். பாசிக்காரி, பாசியைப் புரட்டிப் போட வேண்டும் என்று முனகிக்கொண்டே பின்வழியாகப் போனாள்.

ககுசோ வாசலில் உட்கார்ந்து தன் செருப்பை மாட்டிக்கொண்டான். குரு அதற்குள் பனிக்குள் இறங்கியிருந்தார். அவன் குனிந்து, நீல வார் வைத்த ஜோடியை மெதுவாகக் கடல்பக்கம் திருப்பி வைத்தான்.