அறுபது வயதுப் பயணி

மென்பொருள் நிறுவனங்கள் அனுபவத்தைக் கணக்கிடும்போது, பிள்ளை வளர்க்க வீட்டிலிருந்த பெண்களின் ஆண்டுகளைச் சேர்ப்பதில்லை. அப்படி ஏழாண்டு வீட்டிலிருந்துவிட்டு, புரோகிராம்களில் தப்புக் கண்டுபிடிக்கும் தற்காலிக வேலைக்கு வந்தவள் மங்கையர்க்கரசி.

"எனக்கு முப்பது வருஷ அனுபவம்மா. என் பஸ் டிக்கெட் புரோகிராமில சாயங்காலத்துக்குள்ள ஒரு தப்பு காட்டு, இல்லேன்னா நாளைக்கு வராதே," என்றார் தலைமைப் பொறியாளர் ஆராவமுதன்.

"காலையில அறுபதாவது பிறந்தநாள் கேக் வெட்டினீங்களே, உங்களுக்கே ஒரு டிக்கெட் எடுங்க சார்."

எல்லோரும் பார்க்க வயதை அடித்தார். 'இப்படியொரு பயணி இல்லை' என்றது கணினி. அறுபதுக்குக் கீழே முழுக் கட்டணம், மேலே அரைக் கட்டணம் என எழுதியவர், அறுபதையே விட்டிருந்தார்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"பையனுக்கு அரை டிக்கெட் கேட்டுக் கண்டக்டர்களோட சண்டை போட்ட அனுபவம் சார். தகராறே எல்லை வயசுலதான் வரும்."

அவளுக்கு வேலை நிரந்தரமாயிற்று. இன்று அவள் சரிபார்க்காமல் அங்கிருந்து எந்தப் புரோகிராமும் வெளியே போவதில்லை.