எழுந்துகொண்டே இருந்த பொம்மையும் அமைச்சர் மெத்தையும்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் கோபம் அதிகமாகவும் இருந்த நாட்களில், செங்கதிர்மாறன் என்றொரு மன்னர் இருந்தார். அவர் சபைக்கு வருகிறவர்கள் நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். மன்னர் "எழுக" என்று சொன்ன பிறகுதான் எழ வேண்டும். மன்னரோ பேச்சு சுவாரசியத்தில் அதை மறந்துவிடுவார். வெற்றிலை வியாபாரி ஒருவர் அரை நாள் அப்படியே கிடந்து குறட்டைகூட விட்டிருக்கிறார், பாவம்.

ஒரு நாள் விகடகவி சிங்காரம் மன்னருக்கு ஒரு தலையாட்டி பொம்மையைக் காணிக்கையாகக் கொண்டுவந்தான். தினமும் சபைக்குத் தாமதமாக வரும் அமைச்சர் அம்பலவாணருக்குச் சிங்காரத்தைக் கண்டாலே ஆகாது. அவர் பொம்மையை எடுத்து மன்னர் காலடியில் படுக்க வைத்தார். கையை எடுத்ததும் அது சட்டென்று எழுந்து தலையை ஆட்டியது.

"பார்த்தீர்களா மன்னா! தங்கள் உத்தரவில்லாமலே எழுகிறது. இதைக் கொண்டுவந்தவன் மனதில் எவ்வளவு திமிர் இருக்கும்!" என்றார்.

மன்னர் முகம் சிவந்தது. "சிங்காரம்! நாளைக் காலை இந்தப் பொம்மை நம் காலடியில் விழுந்து, நாம் சொல்லும்வரை கிடக்க வேண்டும். கட்டக் கூடாது, உடைக்கக் கூடாது, படுக்க வைத்தபின் தொடவும் கூடாது. தவறினால் நீ நாட்டை விட்டே போக வேண்டும்."

சிங்காரம் வீட்டுக்குப் போய்ப் பொம்மையைத் தரையில் சாய்த்தான், எழுந்தது. பலகையில் சாய்த்தான், எழுந்தது. கோரைப்பாயில் சாய்த்தான், அப்போதும் எழுந்தது. அவனுக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது.

மூட்டை கட்டிக்கொண்டிருந்த மனைவி சொர்ணம், "இந்தக் கட்டாந்தரையில யாருக்குத்தான் படுக்கப் பிடிக்கும்? அதான் எந்திரிச்சிடுது" என்றாள்.

சிங்காரம் துள்ளிக் குதித்தான். "மூட்டையைப் பிரிச்சிடு, சொர்ணம்!"

மறுநாள் சபையில், "மன்னா, அமைச்சர் படுக்கும் இலவம்பஞ்சு மெத்தை எனக்கு வேண்டும்" என்றான். அமைச்சர் முணுமுணுத்தார். ஆனாலும் மெத்தை வந்தது. நான்கு பேர் தூக்கி வந்தார்கள். அதை மன்னர் காலடியில் விரித்து, பொம்மையைக் கிடத்திவிட்டுச் சிங்காரம் தள்ளி நின்றான்.

பொம்மை பஞ்சுக்குள் புதைந்தது. எழவில்லை. சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அப்போதும் எழவில்லை.

மன்னர் குனிந்து பார்த்தார். "எழுக!" என்றார்.

சிங்காரம் மெத்தையை ஓரமாகப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தான். தரையில் உருண்ட பொம்மை நிமிர்ந்து நின்று, மன்னருக்குத் தலையாட்டியது.

"இது என்ன மாயம்?"

"மாயமில்லை, மன்னா. இதன் அடி உருண்டை. கனமெல்லாம் அந்த அடியில்தான். உருள இடம் இருந்தால் கனம் கீழே இழுத்து நிமிர்த்திவிடும். பஞ்சில் புதைந்தால் உருள முடியாது, எழவும் முடியாது. அமைச்சரின் மெத்தையில் விழுந்தால் பொம்மையே எழுவதில்லையே, அமைச்சர் எப்படி நேரத்துக்குச் சபைக்கு வருவார்?"

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அமைச்சர் மட்டும் கூரையைப் பார்த்தார். "நீ எங்கும் போக வேண்டாம், சிங்காரம். இந்த மெத்தையையே பரிசாக வைத்துக்கொள்!" என்றார் மன்னர்.

மறுநாள் சபைக்கு முதல் ஆளாக அமைச்சர் வந்துவிட்டார். சிங்காரத்தைத்தான் காணோம். உச்சி வெயிலில் காவலன் அவன் வீட்டுக் கதவைத் தட்டினான்.

சொர்ணம் வெளியே வந்து சொன்னாள்: "மகாராஜாவே வந்து 'எழுக'ன்னு சொன்னாத்தான் எந்திரிப்பாராம்!"