யானைமருட்டியால் அடித்த காடை

துப்பாக்கி என்ற சாமான் கப்பலில் வந்திறங்கி இன்னும் புதுமை மாறாதிருந்த முன்னொரு காலத்தில், ஒரு மலைநாட்டு ராஜாவுக்கு அதன்மேல் பைத்தியம் பிடித்தது. குளிக்கும்போதுகூடப் படிக்கட்டில் ஒரு துப்பாக்கி சாய்ந்திருக்க வேண்டும். இப்படிப்பட்டவரிடம் ஆயுதசாலைத் தலைவர் அரிகண்டர் ஒரு ராட்சசத் துப்பாக்கியைச் செய்து கொண்டுவந்து நீட்டினார். அதற்கு யானைமருட்டி என்று பெயர். குண்டு ஒவ்வொன்றும் பெரிய நெல்லிக்காய் அளவு இருக்கும்.

"மகாராஜா, இது ஒன்றே போதும். யானைக்கும் இதுதான், எலிக்கும் இதுதான். நாட்டில் இருக்கும் சில்லறைத் துப்பாக்கிகளையெல்லாம் வாங்கி உருக்கினால் இன்னும் எத்தனையோ யானைமருட்டிகள் செய்யலாம்" என்றார்.

ராஜாவுக்கு வாயெல்லாம் பல். இனி எல்லாக் காரியத்துக்கும் யானைமருட்டிதான் என்று அன்றே உத்தரவு போட்டுவிட்டார்.

மலையில் தினை முற்றும் பருவம் அது. காவல்காரர்களின் சின்னத் துப்பாக்கிகளைச் சேவகர்கள் பிடுங்கிக்கொண்டு, ஊருக்கு ஒரு யானைமருட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதைக் கிளிக்கூட்டத்தைப் பார்த்துச் சுட்டவனுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. குண்டோ ஒரு கிளியையும் தொடாமல், அடுத்த காட்டில் நின்ற உழவுமாட்டைச் சாய்த்தது. அப்புறம் அதைத் தொட ஆளில்லை. கிளிகளுக்குக் கொண்டாட்டம்.

அரண்மனை விகடகவி விடங்கன் அந்த மலையில் பிறந்தவன். தினைக்காட்டுச் சிலம்பாயி அவனைத் தேடி அரண்மனை வாசலுக்கே வந்துவிட்டாள்.

"பாதிக் காடு போயிருச்சு விடங்கண்ணே. மீதியும் போனா புள்ளைங்க பட்டினிதான். ராஜாவச் சிரிக்க வெச்சே சோறு திங்கற ஆளு நீ. எங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அந்தப் பேச்சு அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. "துப்பாக்கிங்க உங்க கைக்கு வந்து சேரும் தாயி. அதுவரைக்கும் நான் ஓயமாட்டேன்" என்றான்.

மறுநாள் சபையில் விகடம் பண்ணாமல் நேராகவே சொன்னான்: "மகாராஜா, கிளியை விரட்டச் சத்தம் போதும். பறவையை அடிக்கப் பொடி ரவை போதும். யானைமருட்டிக் குண்டு மதம்பிடித்த யானைக்கு ஆகும். தினைக்காட்டுக்கு ஆகாது."

ராஜாவின் முகம் சுண்டிப்போனது. நெடுநாளாக விடங்கன்மேல் கறுவிக்கொண்டிருந்த அரிகண்டர் சமயத்தை விடுவாரா?

"மகாராஜா உத்தரவிலேயே இவன் குறை காண்கிறான். நாளை கதிர் விருந்து. காடைக்கறி இல்லாமல் தாங்கள் புதுத்தினையைத் தொடுவது வழக்கமில்லை. அந்தக் காடையை விடங்கனே யானைமருட்டியால் அடித்து வரட்டும். ஒரே ஒரு குண்டு தருகிறேன். வலை, கண்ணி கூடாது. குன்றிமணி எடை வேறு ஈயமும் கூடாது. தவறினால் நாட்டைவிட்டே போகட்டும்."

"அப்படியே ஆகட்டும். வென்றால் அவன் கேட்டது கிடைக்கும்" என்றார் ராஜா.

"குண்டைச் சபையறிய நிறுத்துக் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டான் விடங்கன். வாங்கிக்கொண்டு நேரே மடைப்பள்ளிக்குப் போனான். சமையல்காரரிடம் ஓர் இரும்புக் கரண்டியும் பூந்திக் கரண்டியும் கேட்டு வாங்கினான். குண்டை உருக்கி, பூந்தி தேய்ப்பதுபோலவே தண்ணீர்த் தொட்டிக்குள் விழவிட்டான். அடியில் மிளகு மிளகாக ரவைகள் கிடந்தன.

விடிந்ததும் வெடிமருந்தைப் பாதியாகக் குறைத்து, ரவை அத்தனையையும் போட்டுக் கெட்டித்து, தோளில் மடித்த கம்பளியை வைத்துக்கொண்டு, எழும்பிய காடைக் கூட்டத்தைப் பார்த்துச் சுட்டான். பொலபொலவென்று காடைகள் விழுந்தன.

விருந்தில் ராஜா இரண்டாவது காடையைக் கடிக்கும்போது, அரிகண்டரின் பல்லில் ஒரு ரவை தட்டுப்பட்டு அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "மோசடி! குண்டை உருக்கியிருக்கிறான்!" என்று குதித்தார்.

"தாங்கள் நிறுத்துக் கொடுத்த ஈயம் முழுவதும் தாங்கள் கொடுத்த துப்பாக்கி வழியாகத்தான் போனது. வேறு ஈயம் சேர்க்கவில்லை. உருக்கக்கூடாது என்று தாங்கள் சொல்லவும் இல்லை" என்றான் விடங்கன்.

ராஜா எலும்பை இலையோரம் வைத்தார். "சொன்ன சொல்லை மீறவில்லை. என்ன வேண்டும், கேள்."

சின்னத் துப்பாக்கிகளைக் கேட்பான் என்றே சபை நினைத்தது. ஆனால் ராஜா தன் உத்தரவைத் தானாக மாற்றமாட்டார், உத்தரவு இருக்கும்வரை வாங்கிய துப்பாக்கிகள் மறுபடி பறிபோகும் என்று அவனுக்குத் தெரியும். "அரிகண்டர் ஒரு நாள் தினைக்காட்டுக்குக் காவல் இருக்க வேண்டும், யானைமருட்டியோடு. வேறெதுவும் வேண்டாம்" என்றான்.

"அவ்வளவுதானா? அரிகண்டரே, இப்போதே புறப்படும்!"

அரிகண்டர் யானைமருட்டியைப் பார்த்தார். தோள்பட்டை இறங்கியவன் கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கை தானாகத் தோளைத் தடவியது.

"மகாராஜா, கிளி விரட்டத்தானே? அந்தச் சின்னத் துப்பாக்கிகளில் ஒன்றைத் தந்தால்..."

ராஜா ஒரு கணம் விழித்தார். பிறகு கிரீடம் நழுவும்படி சிரித்தார். "உத்தரவைப் போடச் சொன்னவரே மாற்றச் சொல்கிறார், நான் என்ன செய்வேன்! ஒன்றென்ன, எல்லாவற்றையும் மலைக்கு அனுப்புங்கள். அரிகண்டரே, நீரே சுமந்துபோய்க் கொடும். காவலும் இருந்துவிட்டு வாரும்." சிரிப்பு அடங்காமலே தன் முத்துமாலையைக் கழற்றி விடங்கன் கழுத்தில் போட்டார்.

மாலையில் அரிகண்டர் பரண்மேல் ஏறி, சின்னத் துப்பாக்கி ஒன்றில் குண்டில்லாமல் வெறும் மருந்தைக் கெட்டித்து வெடித்தார். கிளிகள் அலறியடித்துக்கொண்டு மலை தாண்டின. கீழே நின்ற சிலம்பாயிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நல்லாத்தான் காவக் காக்கிறீங்க சாமி! நாளைக்கும் வந்துடுங்க!"