செம்பருத்தித் தொட்டியின் காவல்காரர்கள்

ஒரு மொட்டை மாடியில், மண்தொட்டியில் வளர்ந்த செம்பருத்தியின் இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்து, ஒரு தையல்சிட்டு கூடு கட்டியிருந்தது. கூட்டுக்குள் அதன் குஞ்சுகள். தொட்டியைச் சுற்றி எறும்புகள் ஓயாமல் ஊர்ந்துகொண்டிருந்தன. கேட்டால், "நாங்கள்தான் இந்தச் செடிக்குக் காவல்!" என்று மார்தட்டும்.

திடீரென்று இலைகள் பழுக்கத் தொடங்கின. தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனாலும் செடி வாடியது. சிட்டு கூட்டைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. இலை உதிர்ந்தால் குஞ்சுகளும் விழுமே!

"எந்தப் பாவி என் செடியைத் தின்கிறான்?" என்று அது கத்தியது.

"மண்ணுக்குள் யார் இருக்கிறார்கள்? அந்த மண்புழுதானே!" என்றது எறும்புத் தலைவன். "வேரைக் கடித்தவன் அவன்தான், சிட்டம்மா. நாங்கள் கண்ணால் பார்த்தோம்!"

தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றியதும் மேலே வந்த மண்புழுவைச் சிட்டு காலால் அமுக்கிப் பிடித்தது.

"அம்மா, எனக்குப் பல்லே இல்லை! மக்கிய சருகுதான் என் சாப்பாடு. தொட்டியின் அடியில் பாருங்கள், வெள்ளையாக..."

"வாயை மூடு!" சிட்டு அதைக் கொத்தித் தூக்கி, சுடுகிற சிமெண்டுத் தரையில் வீசியது. புழு துடித்துத் துடித்துக் காய்ந்து போனது.

எறும்புகளைவிட இந்தச் சிட்டின் மேல்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒருவன் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

புழு போன பிறகும் இலைகள் பழுத்தன. கூட்டைத் தாங்கிய இலையின் காம்பும் மஞ்சளானது. குஞ்சுகளுக்கு இன்னும் கொஞ்சம் மெத்தை வைக்கலாம் என்று சிட்டு பஞ்சு தேடிக் கீழே வந்தது. தொட்டியின் அடியில், தண்ணீர் வடியும் ஓட்டையில், வெள்ளையாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது.

"ஆகா, பஞ்சு!"

"தொடாதே!" எறும்புகள் ஓடிவந்து அதன் காலைக் கடித்தன.

"பஞ்சுக்குப் போய் ஏன் இந்தப் பதற்றம்?" சிட்டு அலகால் பிடித்து இழுத்தது. பஞ்சோடு ஒரு வேரும் வந்தது. பஞ்சுக்குள் கால்கள் அசைந்தன! அரிசி மாவில் புரண்டது போன்ற குட்டிக் குட்டிப் பூச்சிகள், வேரில் வாயைக் குத்தி உறிஞ்சிக்கொண்டிருந்தன. அவற்றின் பின்பக்கம் சுரந்த தித்திப்பு நீரை ஓர் எறும்பு நக்கிக்கொண்டிருந்தது.

"மாவுப்பூச்சி! அடப் பாவிகளா! காவல் என்று சொல்லி இதையா மேய்த்தீர்கள்?"

"எங்களுக்கும் வயிறு இருக்கிறதே, சிட்டம்மா!" என்று தலைவன் கூசாமல் சொன்னது.

"உன் வயிற்றுக்காக என் பிள்ளைகள் சாக வேண்டுமா?"

சிட்டு ஆத்திரத்தோடு பூச்சிகளைக் கொத்திக் கொத்தித் தின்றது. ஆனால் ஓட்டைக்கு உள்ளே அலகு எட்டவில்லை. அன்று மாலையே இலை உதிர்ந்தது. கூடு கிழிந்து குஞ்சுகள் தரையில் விழுந்தன. உடனே எறும்புகள் வரிசையாக வந்தன.

"உதவிக்குத்தான் வந்தோம்!" என்றன.

"கிட்டே வந்தால் ஒருவரும் மிஞ்சமாட்டீர்கள்!" சிட்டு குறுக்கே நின்று கொத்தியது. நல்லவேளை, குஞ்சுகளுக்கு இறகு முளைத்திருந்தது. தத்தித் தத்திப் பக்கத்துத் தொட்டியில் ஏறிக்கொண்டன.

பிறகுதான் சிட்டு தரையைப் பார்த்தது. மண்புழு கறுத்த நூல்போல ஒட்டிக் கிடந்தது.

"என்னை மன்னித்துவிடு!" என்றது சிட்டு. செத்தவன் எப்படி மன்னிப்பான்?

ஒருவன் இன்னொருவனைக் கைகாட்டினால், கைகாட்டுகிறவனுக்கு அதில் என்ன லாபம் என்று முதலில் கேளுங்கள்.